சோப்பு நுரைத்த தண்ணீர்

அத்தியாயம் 6

அரசாங்கக் காகிதம் எது கைக்கு வந்தாலும் முதிந்தா அதன் கடைசி வரியைக் கடைசியாகத்தான் படிப்பாள். கடைசி வரி மேலதிகாரிகளுக்காக எழுதப்படுவது. உண்மை ஏதாவது தப்பித் தவறி உள்ளே நுழைந்திருந்தால், அது நடுவில் எங்காவது யார் கண்ணிலும் படாமல் ஒண்டிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை காலை அவள் மேஜையில் இருந்தது ஒற்றைப் பக்க ஆய்வறிக்கை. லுசாக்கா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் முவாசோ குடியிருப்பின் குழாயடியில் எடுத்த தண்ணீர் என்று மேலே எழுதியிருந்தது. மலக்கிருமி மிக அதிகம், குடிக்கத் தகுதியற்றது என்று கீழே எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டை வைத்துத்தான் நேற்று மாலை குழாயடியின் சாவி வைத்துத் தண்ணீர் விடுகிற நமுகோலோவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பிறகு ஊரே பார்க்கட்டும் என்று அறிக்கையைக் குழாயடிச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். நமுகோலோவின் அக்கா இன்யாம்போ அதைக் கிழித்தெடுத்து, காய்ந்த பசையோடு முதிந்தாவிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

முவாசோவில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முப்பத்தொரு பேருக்கு வாந்தி பேதி. லுயாண்டோ என்ற எட்டு வயதுப் பெண்குழந்தை செவ்வாய்க்கிழமை விடிகாலையில் செத்துப்போனாள். நமுகோலோ தொட்டியில் குளோரின் போடாமல் ஏமாற்றினாள், குழிக்கிணற்றுத் தண்ணீரை மேலே கலந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. திங்கட்கிழமை முழுக்க குழாயடியைப் பூட்டிவிட்டு அவள் காணாமல் போனதே போதுமான சாட்சியாகிவிட்டது. கஃபுவேயில் தாய்மாமனை அடக்கம் செய்யப் போயிருந்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தபோது கல் எறிந்தார்கள். முதல் கல்லை எறிந்தவள் லுயாண்டோவின் அம்மா.

"படிச்சு முடிச்சாச்சா மேடம், இல்ல பரீட்சை எழுதப் போறீங்களா?" என்றான் கபாசோ, தேநீரைக் கொண்டுவந்து வைத்தபடி.

கபாசோ முதிந்தாவின் உதவியாளன். நாற்பது வயது. பதினைந்து வருடம் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ் போய்விட்டது, வாய் மட்டும் மிச்சம். முதிந்தா இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் தண்ணீர் இலாகாவில் மீட்டர் படித்தவள். படிக்கக் கூடாத ஒரு பெரிய வீட்டு மீட்டரைப் படித்துத் தொலைத்ததால் வேலை போனது. அன்றிலிருந்து முடிவெட்டும் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, 'விசாரணைகள்' என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்தக் கெட்டிலை எப்பக் கழுவினே?"

"தினம் கழுவறேன். உள்ளே வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கே, அதுக்கு உளியும் சுத்தியலும் வேணும். வாங்கிக் குடுங்க."

முதிந்தா கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். சுண்ணாம்பு அடை அடையாகப் பிடித்திருந்தது. இந்த ஊரில் எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் இதே கதைதான். லுசாக்கா சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். எங்கே துளை போட்டாலும் சுண்ணாம்பு கரைந்த கடினத் தண்ணீர். சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் திரிதிரியாக அழுக்குதான் வரும்.

அவள் அறிக்கையை அவன் பக்கம் திருப்பி, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். கடினத்தன்மை: ஒன்பது.

"ஒன்பதுன்னா?"

"நம்ம கெட்டில் தண்ணி முன்னூத்தைம்பதைத் தாண்டும். ஆத்துத் தண்ணிகூட இதைவிட அதிகம். ஒன்பதுன்னா அது வானத்துலேர்ந்து வந்த தண்ணி."

கபாசோ யோசித்தான். "அப்போ போலீஸ் தப்பான ஆளைப் பிடிச்சிருக்கு. கடவுளைப் பிடிச்சிருக்கணும்."

"இந்தக் காகிதத்துல ஆறு அதிகாரிங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆறு பேரும் சிவப்புக் கோட்டை மட்டும் பார்த்திருக்காங்க" என்று முதிந்தா எழுந்தாள். அலமாரியிலிருந்து புது சோப்புக் கட்டி ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மழைத் தண்ணீர் எப்படி குழாயடித் தண்ணீர் என்று பெயர் வாங்கியது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முவாசோவில் யார் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதோ, அங்கே பதில் இருக்கும்.

*

முவாசோவில் குழாயடிக்கு முன்னால் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. செங்கல் அறைக்குப் பின்னால் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் கருப்புத் தொட்டி. கோபுரத்தில் ஏணி இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு கொக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஏணி எங்கே என்று கபாசோ அங்கே வெங்காயம் விற்றவளிடம் கேட்டான். போன வருடமே பழைய இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றும், புது ஏணிக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் அவள் சொன்னாள். எழுதிப் போட்டதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

பிறகு இருவரும் வீடு வீடாகப் போனார்கள். முதிந்தா ஒவ்வொரு முற்றத்திலும் கை கழுவத் தண்ணீர் கேட்டாள். போன வாரம் குழாயடியில் பிடித்துக் கேனில் வைத்திருந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. மூன்று வீடுகளில் குழிக்கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள். கக்கூஸ் குழியிலிருந்து பத்தடி தள்ளி வெட்டிய கிணறுகள். அந்தத் தண்ணீரில் என்னென்னவோ இருக்கலாம், ஆனால் சுண்ணாம்பும் இருந்தது. கிருமி சுண்ணாம்பைத் தின்பதில்லை. அங்கேயும் நுரை இல்லை. பதினோரு முறை கை கழுவியதில் முதிந்தாவின் விரல்கள் சுருங்கிப்போயின.

டாங்கர் லாரிக்காரன் சிம்பாவின் மேல்தான் கபாசோவுக்குச் சந்தேகம். குழாயடி மூடினால் முதலில் கொழுப்பவன் அவன்தானே. லாரியைச் சுற்றி நாற்பது பெண்கள் வாளியோடு நின்றிருந்தார்கள். முதிந்தா கையை நீட்டினாள். சிம்பா ஏளனமாக ஒரு குவளை ஊற்றினான். சோப்பு திரிந்துபோய் வழிந்தது.

"எங்கேர்ந்து தண்ணி?" என்று முதிந்தா கேட்டாள்.

"திருட்டுத் தண்ணிதான் அமாய். ஆனா சுத்தமானது. பெரிய குழாயிலேர்ந்து நேரா திருடறேன், நடுவுல யாரும் கை வெக்கறதில்ல."

அமாய், அதாவது அம்மா என்று மரியாதையாக அழைத்துச் சொன்ன அதுதான் அன்று காலையில் கேட்டதிலேயே நேர்மையான பதில் என்று முதிந்தாவுக்குத் தோன்றியது.

வரிசையில் நின்ற பெண்களுக்கு அவள் யாருக்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஒருத்தி எச்சிலைத் துப்பினாள். நமுகோலோவுக்காகப் பேச வருகிற வாயில் மண் விழட்டும் என்றாள் இன்னொருத்தி. திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி வரை குழாயடி பூட்டிக் கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் யாருக்கும் கிடைக்கவில்லை, குற்றமில்லாதவள் ஏன் பூட்டிக்கொண்டு ஓடுகிறாள், இதற்கு ஊரே சாட்சி என்று ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள்.

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. சாவி அவகிட்டதான்."

முதிந்தா கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து மறுபடி பார்த்தாள். மாதிரி எடுத்த நாள், திங்கட்கிழமை. நேரம், காலை பதினொன்று. இடம், குழாய். எடுத்தவர், சுகாதார அலுவலர் சக்காலா. நமுகோலோவின் மேல் இவர்கள் சுமத்திய குற்றமே, அன்று அந்தக் குழாயிலிருந்து யாரும் தண்ணீர் எடுத்திருக்க முடியாது என்பதற்குச் சாட்சி. ஊரே அதைச் சத்தியம் செய்கிறது. நேற்று மாலையிலிருந்து அறிக்கை சுவரில் இருந்தது. போகிற வருகிற எல்லோரும் சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். தேதியைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

அப்போது மைதானத்தின் பக்கமிருந்து ஒலிபெருக்கி கூப்பிட்டது. இலவசத் தண்ணீர் வந்திருக்கிறதாம். டாங்கர் வரிசை பாதியாகக் குறைந்தது.

கால்பந்து மைதானத்தின் நடுவில் ஒரு வெள்ளை லாரி நின்றது. அதன் மேல் ஏறி நின்று பாட்டில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் 'பனி ஊற்று' தண்ணீர்க் கம்பெனியின் முதலாளி சில்வாம்பா. சேற்றில் நடப்பதற்கென்றே வாங்கிய முழங்கால் வரை வருகிற பூட்ஸ் போட்டிருந்தார். அதில் ஒரு துளி சேறு இல்லை. கேமராக்காரன் கை காட்டும்போது மட்டும் குழந்தைகளைத் தூக்கினார். அவன் கேமராவைக் கீழே இறக்கியதும் குழந்தைகளையும் கீழே இறக்கினார்.

பாட்டிலைச் சுற்றி ஒட்டிய தாளில் பனி மூடிய மலை ஒன்று இருந்தது.

"இந்த மலைக்கு எந்த பஸ் போகும் மேடம்? பதினைந்து வருஷம் டிக்கெட் கிழிச்சேன், ஒருத்தன்கூட இங்கே இறங்கணும்னு கேட்டதில்லை" என்றான் கபாசோ.

முதிந்தா மலையை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். கால்சியம், மக்னீசியம் நிறைந்த இயற்கை ஊற்று நீர் என்று போட்டிருந்தது. அவள் மூடியைத் திருகினாள், முத்திரை டக்கென்று உடைந்தது. கபாசோவை ஊற்றச் சொல்லிச் சோப்பைத் தேய்த்தாள். ஒரே தேய்ப்பில் நுரை பொங்கி, விரலிடுக்கெல்லாம் நிறைந்து, முழங்கை வரைக்கும் வழிந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள்கூட வாயைப் பிளந்தார்கள்.

சில்வாம்பா லாரியின் மேலிருந்து அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். அவ்வளவு சுத்தமான தண்ணீர், அதனால்தான் அவ்வளவு நுரை என்று ஒலிபெருக்கியில் சொன்னார். போன சனிக்கிழமை இதே மைதானத்தில் கைகழுவும் தின விழாவுக்குத் தன் கம்பெனிதான் பாட்டில் கொடுத்தது, அப்போதே குழாயடியை நம்பாதீர்கள் என்று தான் சொன்னதாகவும் சொன்னார். பிறகு குனிந்து, முதிந்தாவுக்கு மட்டும் கேட்கும்படி, "கடவுள் எனக்குக் குடுத்ததை நான் இவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறேன் அமாய்" என்றார்.

தாதுச்சத்து நிறைந்த தண்ணீரில் இப்படி நுரை வராது. அவன் தாளில் எழுதியிருப்பது பச்சைப் பொய். பொய் என்பதைவிட, அந்தப் பொய்யை நிரூபிக்கிற நுரையையே காட்டிப் பெருமையடிக்கிற முட்டாள்தனம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பெண்கள் இரண்டிரண்டு பாட்டிலாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கதை முடிஞ்சது. மழைத் தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு விக்கறான். அதுல கொஞ்சம் சாக்கடையைக் கலந்து சக்காலா கையில குடுத்துக் குழாயடியை மூட வெச்சிருக்கான். குழாயடி போனா எல்லாரும் பாட்டில்தானே வாங்கணும்" என்றான் கபாசோ, பழைய டாக்ஸியில் ஏறியபடி.

"சாக்கடையைக் கலக்கறவன் குழாயடித் தண்ணியிலயே கலந்திருப்பான். தன் தண்ணியை எதுக்குக் குடுக்கணும்?"

கபாசோ டாக்ஸிக் கதவை இரண்டாவது முறை இழுத்துச் சாத்தினான். முதிந்தா சுகாதார அலுவலகத்துக்கு விடச் சொன்னாள்.

*

சுகாதார அலுவலர் சக்காலாவை முதிந்தாவுக்குப் பழைய பழக்கம். ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் அப்போதே நாற்காலியை விட்டு எழுவதற்கு இரண்டு முறை யோசிப்பவர். இப்போது நாற்காலி பெரிதாகியிருந்தது, அவரும்தான். மேஜையின் மேல் வாழைப்பழமும் ஒரு மழைக்கோட்டும் இருந்தன. கோட்டு மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது.

முதிந்தா அறிக்கையை அவர் முன்னால் வைத்தாள். திங்கட்கிழமை குழாயடி பூட்டியிருந்ததே, எப்படித் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டாள். குழாயில் வராததால் மேலே ஏறித் தொட்டியிலிருந்து எடுத்ததாக அவர் சொன்னார். கொட்டும் மழையில் ஏறினாராம். கடமை என்று வந்துவிட்டால் உடம்பைப் பார்க்க முடியுமா என்றார்.

"எவ்வளவு உசரம் இருக்கும்?"

"இருபது படி இருக்கும்."

கபாசோ அவர் தொப்பையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். "அந்த ஏணி போன வருஷமே பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு சார். நீங்க கடைக்குப் போய் ஏறினீங்களா?"

சக்காலா மேஜை இழுப்பறையைத் திறந்தார். கைக்குட்டையைத் தேடினார். முதிந்தா காத்திருந்தாள். இந்த மாதிரி ஆட்களிடம் கத்த வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும், தாங்களாகவே நிரப்புவார்கள்.

"சில்வாம்பா எவ்வளவு குடுத்தான்?" என்றான் கபாசோ.

"சத்தியமா எதுவும் குடுக்கல. அந்த ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சனிக்கிழமை விழாவுல எல்லா அதிகாரிக்கும் ஒரு பெட்டி பாட்டில் குடுத்தாங்க, அவ்வளவுதான்."

"பெட்டி எங்கே இருந்துச்சு?"

"கார்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "திங்கக்கிழமை போனேன். பூட்டியிருந்துச்சு. மழை வேற. மறுபடி வரணும்னா இன்னொரு நாள் போகும். கார்ல பாட்டில் இருந்துச்சு. ஒண்ணைத் திறந்து ஆய்வுக் குப்பியில ஊத்தி, குழாயடின்னு எழுதிட்டேன்."

"ஏன் அந்தத் தண்ணி?"

"சுத்தமான தண்ணின்னுதான் முதிந்தா. முத்திரை போட்ட தண்ணி. ஆய்வுல சுத்தம்னு வந்துடும், குழாயடிக்கும் பிரச்னை இல்ல, எனக்கும் பிரச்னை இல்ல, எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்னு நினைச்சேன்."

கபாசோ மேஜையிலிருந்த அறிக்கையை எடுத்துச் சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தான்.

முதிந்தாவுக்கு இப்போது புரிந்தது. சதி எதுவும் இல்லை. யாரும் சாக்கடையைக் கலக்கவில்லை. அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, மேலே எழுதிய பெயரைத் தவிர. மலக்கிருமி அந்த பாட்டிலில்தான் இருந்தது. சனிக்கிழமை மைதானத்தில் கொடுத்த பாட்டிலில். இரண்டாயிரம் பேர் குழாயடித் தண்ணீர் குடித்தார்கள், படுத்ததோ முப்பத்தொரு பேர்தான். மற்றவர்கள் ஏன் படுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் கண்ணெதிரே பெண்கள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்களே, அவளும் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாளே.

"ரிசல்ட் நேத்து காலையில வந்துச்சு. அப்பவே உனக்குத் தெரியும்" என்றாள். மரியாதை அவள் வாயிலிருந்து தானாக உதிர்ந்துவிட்டது.

"பயந்துட்டேன்."

"வீட்ல மிச்சம் இருந்த பாட்டிலை என்ன செஞ்சே?"

சக்காலா ஜன்னலைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல."

"செடிக்கு ஊத்திட்டேன்."

முதிந்தா பல பேரை வெறுத்திருக்கிறாள். மந்திரிகளை, காண்ட்ராக்டர்களை, தன்னை வேலையை விட்டு அனுப்பிய மேலதிகாரியை. அவர்களெல்லாம் எதையாவது அடைவதற்காகக் கெட்டவர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவன் மழையில் நனையாமல் இருப்பதற்காக ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறான். தன் பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு, ஊர் அதே தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனை அடிக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. கையில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

"எழுந்திரு. உன் அடையாள அட்டை, முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக்கோ. கோட்டு வேண்டாம்."

*

மைதானத்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது, லாரி பாதி காலியாகியிருந்தது. டாக்ஸி நிற்பதற்கு முன்னாலேயே கபாசோ இறங்கி ஓடினான். பதினைந்து வருடம் நகரத்தின் நடுச் சந்தியில் எழுபது பஸ்ஸின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது. யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அவன் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி அடங்கிப்போனது. பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோன ஒரு பெண்ணின் கையிலிருந்து அதை அவனே பிடுங்கினான். அவள் அவனை அறைந்தாள். அவன் வாங்கிக்கொண்டு அடுத்தவளிடம் ஓடினான்.

சில்வாம்பா லாரியிலிருந்து இறங்கினார். முதல் முறையாகப் பூட்ஸில் சேறு பட்டது. இது அவதூறு, தனக்குப் பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது, தன் தண்ணீரில் குற்றம் இருக்கிறதென்று எந்த ஆய்வு சொன்னது என்று கேட்டார்.

முதிந்தா பசை காய்ந்த அந்தக் காகிதத்தை நீட்டினாள். "அரசாங்க ஆய்வு. ஆறு கையெழுத்து இருக்கு. பெயரை மட்டும் தப்பாப் போட்டுட்டாங்க. மாதிரி எடுத்தவர் இதோ நிக்கறார், கேளுங்க."

சக்காலா மழையில் நின்றபடி விநியோகத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதினார். மை கலைந்து வழிந்தது. முதிந்தா இரண்டாவது தாளைக் கொடுத்து மறுபடி எழுத வைத்தாள்.

பிறகு சக்காலாவையும் சில்வாம்பாவையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார்கள். தொழிற்சாலை என்பது ஒரு பழைய சோளக் கிடங்கு. கூரையைச் சுற்றிலும் தகரக் கால்வாய், கூரை முழுக்கப் புறா. மழைத் தண்ணீர் கால்வாய் வழியாக நிலத்துக்கு அடியில் ஒரு தொட்டிக்கு இறங்கியது. தொட்டிக்கும் வேலைக்காரர்களின் கக்கூஸ் குழிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் இந்த மழையில் விரிசல் விட்டிருந்தது. சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. வந்த அன்று சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் மூலையில் நிறுத்தியிருந்தார்கள். முத்திரை வைக்கும் இயந்திரம் மட்டும் பளபளவென்று எண்ணெய் போட்டு வைத்திருந்தது.

ஏன் இதைப் பிரிக்கவே இல்லை என்று முதிந்தா கேட்டாள். மழைத் தண்ணீரே கடவுள் சுத்தம் செய்து அனுப்புவதுதானே என்றார் சில்வாம்பா. கபாசோ அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"கடவுள் சுத்தமாத்தான் அனுப்பினார் சார். உங்க கூரை வரைக்கும்."

*

நமுகோலோவை மதியம் மூன்று மணிக்கு விட்டார்கள். ஸ்டேஷன் அதிகாரி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தைத் தள்ளி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். பிடித்ததற்கு ஒரு பக்கம், விட்டதற்கு ஒரு வரி. அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கல் பட்ட நெற்றியில் யாரோ அழுக்குத் துணியைக் கட்டிவிட்டிருந்தார்கள். அக்கா இன்யாம்போ கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் அழவில்லை. யார் தண்ணீர், எப்படி என்று மட்டும் கேட்டாள். முதிந்தா எல்லாவற்றையும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றாள் அக்கா. நமுகோலோ மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டு, லுயாண்டோவின் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சாவு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நமுகோலோ உள்ளே வந்ததும் ஓரத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவளை ஊர் பானா லுயாண்டோ என்றுதான் கூப்பிடும். லுயாண்டோவின் அம்மா என்று அர்த்தம். பிள்ளை போனாலும் அந்தப் பெயர் போவதில்லை.

நடந்ததை முதிந்தாதான் சொல்ல வேண்டியிருந்தது. குழாயடித் தண்ணீரில் ஒன்றுமில்லை, மைதானத்தில் கொடுத்த பாட்டில்தான் காரணம் என்று சுருக்கமாகச் சொன்னாள். அதற்கு மேல் அந்தத் தாய் எதுவும் கேட்கக் கூடாதே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அவள் கேட்கவில்லை. பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டே, தனக்குத்தானே போல் பேசினாள்.

"நாலு பாட்டில் குடுத்தாங்க. நாங்க யாரும் தொடல, அவளுக்குன்னே எடுத்து வெச்சேன். சனிக்கிழமையே ஒண்ணு குடிச்சா. ஞாயித்துக்கிழமை வயித்தால போக ஆரம்பிச்சதும், குழாய்த் தண்ணி வேண்டாம்டா கண்ணு, இதைக் குடின்னு... நாலையும் நான்தான் திறந்து குடுத்தேன்."



நமுகோலோ நெற்றிக் கட்டோடு முன்னால் போய், அந்தத் தாய்க்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"முத்திரை இருந்துச்சு அமாய். நானா இருந்தாலும் அதைத்தான் குடுத்திருப்பேன்."

பானா லுயாண்டோ அவள் மடியில் கவிழ்ந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வெளியே வந்தது.

முதிந்தா தெருவுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. குழாயடியில் மஞ்சள் நாடாவை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். செய்தி அதற்குள் பரவி, காலிக் கேன்களோடும் வாளிகளோடும் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. துப்பியவளும் அதில் நின்றாள். வாயில் மண் விழச் சொன்னவளும் நின்றாள். அவர்கள் கண்கள் முதிந்தாவைப் பார்க்காமல் வாளியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் வரை குழாயடி திறக்கவில்லை. நமுகோலோ உட்கார்ந்திருந்த சாவு வீடு பத்து வீடு தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் அந்த வரிசையில் ஒருத்திக்குக்கூட, போய் நமுகோலோவைக் கூப்பிடுகிற துணிச்சல் வரவில்லை.